மொய் நோட்டும் ரசீதுக் கோப்பும்

இதை எழுதக் காரணம்

பெங்களூரு சர்ஜாபூர் சாலையில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2023 ஜூன் முதல் 2025 அக்டோபர் வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வேலைக்கு வைத்திருந்த தம்பதியும் தமிழர், வீட்டு வேலை செய்தவரும் தமிழர். நான் அதே குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சமரசம் பேசத்தான் என்னை அழைத்தார்கள். கடைசியில் நடந்த பெரிய தவறு என்னுடையதாகப் போனது. இரு தரப்பும் இதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு, பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்கள். எண்கள் எல்லாம் அவர்கள் காட்டிய நோட்டுகளிலிருந்தும் வங்கிக் கணக்குகளிலிருந்தும் எடுத்தவை.

பின்னணி: இரண்டு வீடுகள்

தம்பதி இருவருக்கும் மென்பொருள் வேலை. கணவருக்குக் கோயம்புத்தூர், மனைவிக்குத் திருநெல்வேலி. 2023இல் வரி போக இருவருக்குமாக மாதம் 3,40,000 ரூபாய் வந்தது. வீட்டுக் கடன் தவணை 96,000. ஒரே மகன், பள்ளிக் கட்டணம் ஆண்டுக்கு 2,10,000. மீதி எங்கே போகிறது என்று கேட்டால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிற்பாடு ஒரு மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, வாசலுக்கு வரும் சாப்பாட்டுக்கும் பத்து நிமிட மளிகைக்கும் மட்டும் 21,000 ரூபாய் போயிருந்தது. கறிவேப்பிலைக்காக மட்டும் ஒருவர் தனியாக வண்டியில் வந்த நாள்கள் அதில் மூன்று.

அதற்காக அவர்களைக் கை இறுகியவர்கள் என்று சொல்ல முடியாது. 2021-22இலும் 2022-23இலும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் நன்கொடை கொடுத்திருந்தார்கள்: குழந்தைகளின் கல்விக்கு, அறுவை சிகிச்சைகளுக்கு, ஒரு முதியோர் இல்லத்துக்கு. ரசீதுகளை ஒரு நீலக் கோப்பில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருந்தார் கணவர். 2023-24இல் அந்தத் தொகை 45,000 ஆகக் குறைந்தது. காரணம் கேட்டேன். அந்த ஆண்டிலிருந்து புதிய வருமான வரி முறையே இயல்பான முறையாயிற்று. வீட்டுக் கடன் மனைவி பெயரில் இருந்ததால் கணவருக்குப் புதிய முறையில் வரி குறைவாக வந்தது, மாறிவிட்டார். அதில் நன்கொடைக்கான 80ஜி வரிக் கழிவு கிடையாது. பழைய முறையில் 1,20,000 கொடுத்து அதில் பாதிக்குக் கழிவு வாங்கியபோது அவருக்கு மிச்சமான வரி 18,720 ரூபாய். அந்த 18,720 நின்றதும் 75,000 ரூபாய் தானமும் நின்றுபோனது. நான் இதைச் சொல்லும்வரை இந்தக் கணக்கு தன் கண்ணிலேயே படவில்லை என்றார். நம்புகிறேன். மனிதர்கள் பெரும்பாலும் கணக்குப் போட்டுக் கஞ்சத்தனம் செய்வதில்லை.

பேச்சில் அடிக்கடி வந்த இன்னொரு சொல் ‘நாங்கள் நடுத்தரவர்க்கம்’. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி 2022-23இல் இந்தியாவின் மொத்த வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்தினரிடம் இருந்தது. அந்த ஒரு சதவீதத்துக்குள் நுழைய ஆண்டுக்கு 20 லட்சத்தை ஒட்டிய வருமானம் அன்று போதுமாயிருந்தது. தம்பதியில் ஒவ்வொருவரும் தனித்தனியாகவே அதைத் தாண்டியவர்கள். எதிர்க் கட்டடத்தில் இன்னும் பெரிய கார் நிற்பதால் இது தெரிவதில்லை.

பணியாளருக்கு 38 வயது. பெற்றோர் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர் பிறந்ததே பெங்களூரில்தான். ஈஜிபுராவில் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு வீடு. வாடகை 6,500, அட்வான்ஸ் 40,000. கணவர் பெயிண்டர், மாதத்தில் பதினைந்து நாள் வேலை கிடைத்தால் அதிகம், வீட்டுக்குத் தருவது 9,000. இவர் மூன்று வீடுகளில் 4,500, 3,500, 3,000 என்று 11,000 சம்பாதித்தார். அந்த 4,500தான் இந்தத் தம்பதி தந்தது. 2021இல் 500 ரூபாய் கூட்டிக் கொடுத்ததோடு சரி. மகள் எட்டாம் வகுப்பு, தனியார் பள்ளி, ஆண்டுக் கட்டணம் 38,000. மகன் அரசுப் பள்ளி. அவனுக்கு இலவசக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடம் கேட்டுப் பார்த்தார்களாம். பக்கத்தில் அரசுப் பள்ளி இருந்தால் தனியார் பள்ளி அந்த இடத்தைத் தர வேண்டியதில்லை என்று கர்நாடகம் 2019இல் விதியை மாற்றியிருந்தது.

2023 ஜூனில் பெண்களுக்குப் பஸ் பயணம் இலவசமானதும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 ரூபாய் வரத் தொடங்கியதும் இவர் வீட்டில் உண்மையான ஆறுதல். இதை இலவசம் என்று கேலி செய்பவர்கள் அந்த ஆண்டு எங்கள் குடியிருப்பில் நிறைய இருந்தார்கள்.

முதல் உதவி: 2023 ஜூன்

பள்ளி திறக்கும் சமயத்தில் பணியாளர் 20,000 ரூபாய் அட்வான்ஸ் கேட்டார். தம்பதி பேசி முடிவெடுத்தார்கள்: கையில் பணம் தர வேண்டாம், மகளின் முதல் பருவக் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டிவிடலாம், திருப்பித் தரவும் வேண்டாம். நவம்பரில் இரண்டாம் பருவத்துக்கு 18,000 ரூபாயும் அப்படியே கட்டினார்கள். இரண்டு ரசீதுகளும் நீலக் கோப்பில் ஏறின.

பணம் கையில் போனால் பெயிண்டர் குடித்துவிடுவார் என்று மனைவி பயந்தார். அவர் குடிப்பவரா என்று கேட்டேன். “தெரியாது, பொதுவாக அப்படித்தானே” என்றார். (குடிப்பவர்தான், மாதம் இரண்டு மூன்று முறை. தம்பதியில் கணவரும் அவ்வளவே குடிக்கிறார், அதைவிட விலை கூடிய சரக்கை.)

எதற்காக 20,000 என்று அன்று யாரும் கேட்கவில்லை. கட்டணத்துக்கு அவர் ஏற்கெனவே வேறு ஏற்பாடு செய்திருந்தார்: தோடும் ஒரு சிறு சங்கிலியும் அடகுக் கடைக்குப் போய் 25,000 ரூபாய் வந்திருந்தது. அட்வான்ஸ் கேட்டது வாராவாரம் கட்டும் ஒரு கடனை முடித்துவிட்டு, கணவர் வேலையில்லாமல் இருந்த மாத வாடகையைக் கட்ட. கட்டணத்தைத் தம்பதி கட்டிவிட்டதால் அடகுப் பணம் அந்தப் பக்கம் போயிற்று. நகை உள்ளேயே இருந்தது.

சடங்கும் சச்சரவும்: 2024 பிப்ரவரி

டிசம்பரில் மகள் வயதுக்கு வந்தாள். பிப்ரவரியில் மஞ்சள் நீராட்டு விழா. சிறு மண்டபம், வாசலில் பேனர், இருநூறு பேருக்குப் பிரியாணி. தம்பதியும் போய் 2,001 ரூபாய் மொய் எழுதிவிட்டு வந்தார்கள். திரும்பும்போது காரிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லை என்கிறார், மண்டபம் பிடிக்க மட்டும் வழி எங்கிருந்து வந்தது?

அடுத்த வாரம் பணியாளர் காதில் தோடு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். ஏழு மாதமாகக் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்ததைக் கவனிக்காத மனைவியின் கண்ணில் தோடு மட்டும் பட்டது. “புதுத் தோடா?” என்று கேட்டிருக்கிறார். குரலில் என்ன இருந்ததோ, பணியாளர் மூன்று நாள் வரவில்லை. அடுத்த ஆண்டு கட்டணம் கட்டப்போவதில்லை என்று மனைவி சொல்லி அனுப்பினார். இரண்டு பேருமே என்னிடம் வந்து தனித்தனியாக வருத்தப்பட்டார்கள். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பதியின் சாப்பாட்டு மேசையில் மூவரையும் உட்காரவைத்தேன். நோட்டு ஏதும் இருந்தால் எடுத்துவாருங்கள் என்று பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன்.

மேசையில் கண்டது

அவர் கொண்டுவந்தது மொய் நோட்டு. நீளவாக்கு நோட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. உள்ளே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு பத்திகள்: நாம் செய்தது, நமக்கு வந்தது. மேஸ்திரி அண்ணன் வீட்டுக் கல்யாணம் 501, வந்தது 1,001. ஆரணி மாமா காதுகுத்து 300, வந்தது 500. மூலைவீட்டுப் பாட்டி 101, வந்தது 101; பாட்டிக்கு வட்டி கிடையாது. ஒன்பது ஆண்டுக் கணக்கு. எழுதியது மகள், அதற்கு முன் கணவரின் தங்கை. வங்கியில் முப்பது ஆண்டு பேரேடு பார்த்தவன் சொல்கிறேன், அதில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

விழாச் செலவு 43,200. வந்த மொய் 71,400. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேல், ஒன்பது ஆண்டாக இவர் மற்றவர்களுக்குச் செய்தது கூடுதலோடு திரும்பி வந்தது. மிச்சம் இனி இவர் செய்ய வேண்டிய கடன். கையில் நின்றது 28,200. அதில் 26,000 கொடுத்து அசலும் இரண்டு மாத வட்டியும் கட்டித் தோட்டையும் சங்கிலியையும் மீட்டிருந்தார். மனைவி பார்த்த ‘புதுத் தோடு’ அவருடைய கல்யாணத் தோடு.

விழா நடத்தாமல் விட்டிருந்தால் அந்த 71,400 வந்திருக்காது. அவர் கையில் ஐயாயிரத்துக்கு மேல் மொத்தமாகச் சேர வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. தம்பதி மகனின் முதல் பிறந்த நாளுக்கு 2,80,000 செலவழித்தவர்கள். அதிலிருந்து ஒரு பைசாவும் திரும்பவில்லை. கணவரே இதை நினைவுகூர்ந்து சொன்னார், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு கடன்களுக்கு வந்தோம். குழுக் கடன் 40,000, மாதம் 2,120 வீதம் 24 மாதம். ஆண்டுக்குச் சராசரி வட்டி 5,440. அடகுக் கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, 25,000க்கு ஆண்டுக்கு 6,000. மூன்றாவதுதான் பொல்லாதது, பத்து வாரக் கடன். பத்தாயிரம் என்று எழுதி எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் தருவார்கள். வாரம் ஆயிரமாகப் பத்து வாரம் கட்ட வேண்டும். கேட்க 1,500 ரூபாய்தான். ஆண்டு வட்டியாக மாற்றினால் ஏறக்குறைய 160 சதவீதம். வருடத்துக்கு மூன்று முறை வாங்குகிறார், 4,500. மூன்றும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 16,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. தம்பதி அவருக்குத் தரும் மாதச் சம்பளத்தைப்போல் மூன்றரை மடங்கு.

இதற்கெல்லாம் மேலே வாடகை, ஆண்டுக்கு 78,000. பெங்களூரில் லீஸ் என்றொரு ஏற்பாடு உண்டு, நம் ஊரில் போக்கியம் என்பது. வீட்டுக்காரருக்கு ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டால் வாடகை கிடையாது. காலி செய்யும்போது தொகை முழுதும் திரும்பும். அவர் இருக்கும் தெருவிலேயே அதுபோன்ற வீடு 3,50,000க்குக் கிடைக்கும். “அந்த மொத்தப் பணம் இருக்கிறவர்களுக்கு வாடகையே இல்லை சார். இல்லாதவர்களுக்குத்தான் மாதாமாதம்” என்றார் பணியாளர். ஏற்றத்தாழ்வைப் பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான விளக்கம் அதுதான்.

எடுத்த முடிவுகள்

முதலில் சம்பளம். தானத்தைப் பற்றிப் பேசும் முன் கூலியைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004இலேயே அறிவித்த மாநிலம் இது. குடியிருப்புகளில் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. 4,500ஐ 7,000 ஆக்கினார்கள். ஞாயிறு விடுமுறை, காய்ச்சல் நாளுக்குச் சம்பளப் பிடித்தம் இல்லை, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம்.

அடுத்தது லீஸ் பணம். பழைய அட்வான்ஸில் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை போக 33,500 திரும்பும். அதோடு 1,500 சேர்த்து 35,000 பணியாளர் போடுவது, 3,15,000 தம்பதி போடுவது. அந்தத் தொகை வைப்பு நிதியில் இருந்தால் தம்பதிக்கு ஆண்டுக்கு 22,000 வட்டி வரும். அதை விட்டுக்கொடுத்தால் பணியாளருக்கு 78,000 மிச்சம். நீலக் கோப்பில் இருந்த எந்த ரசீதிலும் இந்த விகிதம் கிடையாது.

கணவர் உற்சாகத்தில் அந்தத் தொகையைத் திருப்பியே தர வேண்டாம் என்றார். பணியாளர் உடனே மறுத்தார். “கடனாகத் தாருங்கள் அண்ணா. சும்மா வாங்கிக்கொண்டால் நாளைக்கு ஒரு நாள் லீவு கேட்க எனக்கு வாய் வராது.” மனைவி அதன்பின் கொஞ்ச நேரம் பேசவில்லை. வட்டியில்லாமல் மாதம் 4,000 திருப்புவது என்று பணியாளரே சொன்ன தொகை நின்றது. கட்டக் கட்ட லீஸ் தொகையில் அவர் பங்கு ஏறும்.

இவற்றோடு சில்லறை வேலைகள். இருவருக்கும் ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்க ஏற்பாடு செய்தேன். சாரத்தில் ஏறி வேலை செய்பவருக்கு இரண்டு லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு அதுவரை இல்லை. பெயிண்டரைக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தோம். உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. மனு போட்டு இன்னும் காத்திருக்கிறார்கள்.

பின் நடந்தவை

2024 ஏப்ரல் நடுவில் புதிய வீட்டுக்குப் போனார்கள். பால் காய்ச்சிய அன்று மகள் என்னிடம் காட்டியது ஜன்னலை. பழைய வீட்டில் ஜன்னல் கிடையாது.

சம்பள உயர்வு எதிர்பாராத பக்கம் வெடித்தது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ‘சிலர் தாராளம் காட்டி ரேட்டைக் கெடுக்கிறார்கள்’ என்று ஒருவர் எழுத, பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள். பணியாளர் மற்ற இரண்டு வீடுகளிலும் கூடுதல் கேட்டார். ஒரு வீட்டில் 500 ஏற்றித் தந்தார்கள். 3,000 தந்த வீட்டில் ஜூன் மாதம் நிறுத்திவிட்டார்கள். ஆக அவர் வருமானம் 7,000, 4,000 சேர்த்து மறுபடி 11,000. ஒரு வீட்டு வேலை குறைந்ததுதான் லாபம். செப்டம்பரில் இன்னொரு வீடு 3,500க்குக் கிடைத்தது.

அந்த ஆண்டில் பத்து வாரக் கடன் ஒருமுறைகூட வாங்கவில்லை. குழுக் கடன் தவணை முடிந்தது. மகளின் ஒன்பதாம் வகுப்பு முதல் பருவக் கட்டணத்தை அவர்களே கட்டினார்கள். இரண்டாவதற்குத் தீபாவளிச் சம்பளம் உதவியது. 2025 ஜனவரிவரை ஒன்பது தவணை, 36,000 ரூபாய், ஐந்தாம் தேதி தவறாமல் தம்பதிக்கு வந்தது.

அந்த ஜனவரியில்தான் கட்டடச் சுவரில் வங்கி நோட்டீஸ் ஒட்டப்பட்டது. வீட்டுக்காரர் கட்டடத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டிருந்தார். 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்கீழ் வங்கி சொத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்பு அது. பணியாளர் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். வாசகம் எனக்கு மனப்பாடம். பணியில் இருந்த நாளில் அதே நோட்டீஸில் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தக் கட்டடங்களில் லீஸுக்கு இருந்தவர்கள் யார் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

தவறு என்னுடையது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மறுத்தார், ‘இந்தப் பகுதியில் யாரும் செய்வதில்லை’ என்றார், முத்திரைத்தாளில் எழுதி வாங்கியதோடு விட்டுவிட்டேன். வங்கி அடமானங்களைப் பதியும் மத்தியப் பதிவேடு 2011 முதல் இருக்கிறது. சிறு கட்டணம் கட்டி யாரும் தேடிப் பார்க்கலாம். நான் பார்க்கவில்லை. ஏழைக்கு வீடு பார்க்கிறோம் என்ற மிதப்பில், ஒரு வாடிக்கையாளருக்கு அரை மணி நேரத்தில் செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் விட்டேன். ஒன்றே ஒன்று உருப்படியாக நடந்திருந்தது: பணம் ரொக்கமாகப் போகாமல் வங்கி வழியே போனதால் ஆதாரம் இருந்தது.

கட்டடத்தில் லீஸுக்கு இருந்த ஒன்பது குடும்பமும் சேர்ந்து வீட்டுக்காரரை நெருக்கின. கையில் லட்சம் வராமல் சாவி தருவதில்லை என்று பணியாளர் நின்றார். மே மாதம் 1,00,000, ஜூனில் 60,000, ஆகஸ்டில் 50,000 வந்தது. மீதி 1,40,000. மே மாதமே 7,500 வாடகைக்கு வேறு வீடு போய்விட்டார்கள், அட்வான்ஸ் 50,000.

வந்த பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதில் கணவரும் நானும் விகிதாசாரம் பேசினோம். மனைவி ஒரே வரியில் முடித்தார்: பணியாளரின் 71,000 முதலில், முழுதாக. அவர் போட்ட 35,000மும் கட்டிய 36,000மும் சேர்ந்தது அது. மீதி 1,39,000 தம்பதிக்கு. வராத 1,40,000 அவர்கள் கணக்கில் நிற்கிறது. பழைய நாளின் ஓராண்டு நன்கொடையைவிடச் சற்று அதிகம். “இதற்கு ரசீதும் கிடையாது” என்று கணவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

இன்னொரு முறை என்றால்

2023 ஜூனில் 20,000 கேட்டபோதே எதற்கு என்று கேட்டுவிட்டுக் கையில் கொடுத்திருக்க வேண்டும். அன்று வாரக் கடனும் வாடகையும் அதிலேயே முடிந்திருக்கும். லீஸ் என்னும் பெரிய திட்டத்துக்கு முன்னால், தேவைப்படும்போது எடுத்துத் திருப்பும் 15,000 ரூபாய் வட்டியில்லாக் கைமாற்று ஒன்றே வட்டியில் கணிசமான பகுதியைத் தடுத்திருக்கும். எனக்கு லீஸ் கணக்கின் அழகு கண்ணை மறைத்தது.

லீஸ் என்றே போவதானால் பதிவும் அடமானத் தேடலும் இல்லாமல் ஒரு ரூபாய் தரமாட்டேன். வீட்டுக்காரர் மறுத்தால் வேறு வீடு. சம்பள உயர்வை மற்ற இரு வீட்டாரிடமும் முன்பே பேசியிருக்கலாம். ஒத்துக்கொண்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான், ஆனால் பணியாளர் தனியாகப் போய்க் கேட்டு வேலை இழந்திருக்கமாட்டார்.

நிலவரம்: 2025 அக்டோபர்

மகள் பத்தாம் வகுப்பு. சம்பளம் 7,500. கணவர் நன்கொடையைப் பழைய அளவுக்கு ஏற்றியிருக்கிறார், கழிவு இல்லாமலே. கறிவேப்பிலை இப்போதும் வண்டியில்தான் வருகிறது. வீட்டுக்காரர் தீபாவளிக்குத் தருவதாகச் சொன்ன பணம் வரவில்லை. தம்பதி மறுபடி லீஸுக்குப் பணம் தருவதாகச் சொன்னபோது பணியாளர் வேண்டாம் என்றுவிட்டு, தன் தெருவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் 2,000 ரூபாய்ச் சீட்டு தொடங்கினார். பதினொரு பேர்தான் சேர்ந்தார்கள் என்பதால் பன்னிரண்டாவது ஆளாக மனைவியைக் கேட்டார், அவரும் சேர்ந்துவிட்டார். பதிவு செய்யாத சீட்டு கூடாது என்று நான் ஆட்சேபித்தேன். இருவரும் கேட்கவில்லை.